மட்டையைப் பார்த்த பிறகுதான் ஆட்டம்!

பந்து வேலியைத் தாண்டிப் பறக்கிறது. அடித்த பெண் மைதானத்தைச் சுற்றி ஓடி வருகிறாள். தோழிகள் துள்ளிக் குதிக்கிறார்கள்.

அப்போது நடுவர் அவளுடைய மட்டையை எடுத்துப் பார்க்கிறார். "அவுட்!" என்கிறார். எடுத்த ஓட்டம் செல்லாது!

காரணம்? அது அனுமதி இல்லாத மட்டை!

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவிகள் ஆடும் 'சாப்ட்பால்' ஆட்டத்தில் இப்படியும் நடக்கலாம். அடுத்த பந்து வீசப்படுவதற்குள் தவறு தெரிந்தால், இதுதான் தண்டனை.

பேஸ்பாலுக்குத் தங்கை போன்றது இந்த ஆட்டம். 1887-ம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தது. இன்று 3 லட்சத்துக்கும் அதிகமான மாணவிகள் தங்கள் பள்ளிக்காக இதை ஆடுகிறார்கள். 'சாப்ட்பால்' என்றால் மெத்தென்ற பந்து என்று பொருள். பெயர்தான் அப்படி. பந்து கெட்டியானது!

கண் இமைக்கும் நேரம்

பந்து வீசும் இடத்துக்கும் அடிக்கும் இடத்துக்கும் நடுவே 43 அடி தூரம்தான். மட்டையில் பட்ட பந்து மணிக்கு 98 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அளவு வைத்து, மட்டைகளைச் சோதிக்கிறார்கள். அந்த வேகத்தில் பந்து திரும்பி வந்தால், வீசிய பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். அதற்குள் விலக வேண்டும்; அல்லது பிடிக்க வேண்டும்!

சோதனையில் தேறிய மட்டைக்கு முத்திரை உண்டு. முத்திரை இல்லாத மட்டையோடு ஆடக் கூடாது.

இதிலும் தில்லுமுல்லு உண்டு! மட்டையின் உட்புறத்தைச் சுரண்டி மெல்லியதாக்குவார்கள். உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துவார்கள். பந்து இன்னும் வேகமாகப் பாயும். வெளியே முத்திரை மட்டும் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட மட்டையோடு ஆட வந்தவள் அவுட். ஆட்டத்தை விட்டும் வெளியேற வேண்டும்.

குற்றமா, தேய்மானமா?

ஆனால், நல்ல மட்டையும் நாளடைவில் நசுங்கும், விரிசல் விடும். ஆட்டத்துக்கு முன் நடுவர் மட்டைகளைத் திருப்பிப் பார்க்கிறார். ஆட்டிப் பார்க்கிறார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால், எடுத்து ஒதுக்கிவிடுகிறார். இதற்குத் தண்டனை கிடையாது. வேறு மட்டை எடுத்து ஆடலாம்.

குற்றம் வேறு, தேய்மானம் வேறு. அதைப் பிரித்தறிவதுதான் நடுவரின் திறமை!

தலைக்கவசத்துக்கும் இதே கண்டிப்புதான். அடிக்க வரும் மாணவியின் தலைக்கவசத்தில் முகத்தைக் காக்கும் கம்பி வலை இருக்க வேண்டும் என்பது 2006 முதல் கட்டாயம். விரிசல் விட்ட கவசத்தை அணியக் கூடாது.

ஓடி வந்தவள் அவுட்டா, இல்லையா? இதில் நடுவர் கண்ணால் கண்டு சொல்வதே முடிவு. விதியைத் தவறாகச் சொன்னால் மட்டும் பயிற்சியாளர் அமைதியாகக் கேட்கலாம்.

அந்தப் பயிற்சியாளருக்கும் பொறுப்பு உண்டு. "எங்கள் பெண்கள் அனைவரும் விதிப்படியான சாதனங்களோடு வந்திருக்கிறார்கள்" என்று ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் நடுவரிடம் உறுதி சொல்ல வேண்டும்.

"ஒரு மட்டைக்கு இத்தனை கெடுபிடியா?" என்று தோன்றலாம். கைவிட்டுப் போன ஓட்டத்தை நாளை எடுத்துவிடலாம். போன கண் திரும்பி வருமா?