ஒரு குலத்துச் சில்லுகளும் ஓர் இயக்கியும்

ஒரு வகுப்பில் இரட்டைப் பிறவியர் இருவர் பயில்கின்றனர் என வைத்துக்கொள்வோம். அவர்தம் முகமும் குரலும் நடையும் ஏறக்குறைய ஒன்றே. அவர்க்கென ஆசிரியர் இருவரை நியமித்தல் வீண்செலவாகும். பாடமும் ஒன்று, அதனைக் கற்பிக்கும் முறையும் ஒன்று. எனினும், ஆசிரியர் வருகை குறிக்குங்கால் ஒவ்வொருவன் பெயரையும் கேட்டே குறித்தல் வேண்டும். ஒருவனுக்குக் கண்பார்வை குறைவாயின் அவனை முன்வரிசையில் இருத்தலும் வேண்டும். பொதுவானதைப் பொதுவாகவும் தனியானதைத் தனியாகவும் நடத்துதலே நல்லாசிரியர்க்கு அழகு. கணிப்பொறியோடு இணைக்கப்படும் காமிராக்களின் உள்ளேயும் இத்தகைய இரட்டையர் உளர். அவர்களை நடத்தும் ஆசிரியனுக்கு ‘இயக்கி’ என்று பெயர். அவ்வியக்கியைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காமிராவின் கண்ணாடி வில்லைக்குப் பின்னே, முற்காலத்தில் படச்சுருள் இருந்த இடத்தில், இக்காலத்தில் சிலிக்கனாலாய சிறு சில்லு ஒன்று உளது. அதுவே ஒளியுணரி. அதன் முகத்தில் எண்ணற்ற நுண்புள்ளிகள் நிரை நிரையாக அமைந்து, தம்மேல் விழும் ஒளியை மின்னாக மாற்றுகின்றன. சோனி நிறுவனத்தார் ஆக்கிய ஐ.எம்.எக்ஸ். 477 என்னும் உணரியில் ஒரு நிரைக்கு 4056 புள்ளிகளாக 3040 நிரைகள் உள்ளன. பெருக்கிக் காணின் 1 கோடியே 23 லட்சத்துக்கு மேலாகும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறிக்கென 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த உயர்தரக் காமிராவில் இருப்பது இவ்வுணரியே.

இச்சில்லு தானாக ஒன்றும் செய்யாது. எவ்வளவு நேரம் ஒளியை ஏற்பது, மின்குறியை எத்தனை மடங்கு பெருக்குவது, எத்தனை நிரைகளை அனுப்புவது என்பவற்றையெல்லாம் கணிப்பொறியே கட்டளையிடல் வேண்டும். சில்லினுள் ‘ரெஜிஸ்டர்’ எனப்படும் சிற்றறைகள் பல உள. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. இன்ன இலக்கமுள்ள அறையில் இன்ன எண்ணை இடுக என்பதே கட்டளையின் வடிவம். கட்டளைகள் செல்வது இரண்டு மெல்லிய கம்பிகளின் வழியே. படம் திரும்பி வருவது வேறு விரைவு வழியே. எந்த அறையில் எந்த எண்ணை எம்முறையில் இடுவது என்று அறிந்து செய்யும் நிரலே இயக்கியாம்.

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில், இயக்கிகளின் மூல நிரல் யாவரும் படித்துத் திருத்தத்தக்கதாய்த் திறந்து கிடக்கின்றது. ஆதலின், புதிய சில்லு ஒன்று கைக்கு வந்தவன், அதற்கு இயக்கியில்லையே என்று வாளாவிருக்க வேண்டுவதில்லை. அவன் முன் நிற்பது ஒரு வினாவே: புதிதாக ஓர் இயக்கி எழுதுவதா, இருப்பதை விரிப்பதா?

எளிய வழியொன்று உண்டென்று பலர்க்குத் தோன்றும். பழைய இயக்கியை அப்படியே படியெடுத்து, பெயரை மாற்றி, வேண்டிய நாலு வரிகளைத் திருத்திக்கொண்டால் அன்று மாலையே படம் வந்துவிடும். இவ்வழியின் கேட்டை யான் பட்டறிந்தவன். பயிரின் நாற்றுகள் வளருமாற்றை இரவும் பகலும் படம் எடுக்க ஓர் ஆய்வுக்கூடத்தில் இரு காமிராக்களை அமைத்திருந்தோம். இரண்டும் ஒரு குலத்துச் சில்லுகளைக் கொண்டவை. ஒன்றின் இயக்கி மற்றதன் படி. மூல இயக்கியில் ஒரு பிழை இருந்தது. படத்தின் அளவை மாற்றும்போது, ஒளியேற்கும் நேரத்தின் மேல்வரம்பை அது திரும்பக் கணக்கிடவில்லை. பின்னர் அப்பிழை திருத்தப்பட்டது. ஆனால் திருத்தம் மூலத்தைச் சேர்ந்ததேயன்றிப் படியைச் சேரவில்லை. ஒரே விளக்கின்கீழ் ஒரு காமிரா தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் படம் தந்தன. நாற்று வாடியதோ என்று நாங்கள் ஐயுற்றோம். நாற்று நலமாகவே இருந்தது. மூன்று வாரத்துப் படங்கள் ஒப்பிடுதற்கு உதவாமற் போயின. ஒரு பிழையை ஓரிடத்தில் திருத்தின் எங்கும் திருந்தவேண்டும் என்பதே இயக்கியை விரிப்பதன் முதற்பயன் என்பதை அன்று உணர்ந்தேன்.

அங்ஙனமாயின், எல்லாச் சில்லுகளையும் ஓர் இயக்கியுள் அடைத்துவிடலாமோ எனின், அதுவும் கூடாது. ஒரே நிறுவனத்தார் செய்தமையாலேயே இரண்டு சில்லுகள் உறவினவாகா. ஐ.எம்.எக்ஸ். 477-இல் பெருக்கத்திற்குரிய அறையில் ஓர் எண்ணை இட்டால், 1024-இலிருந்து அவ்வெண்ணைக் கழித்து, மிச்சத்தால் 1024-ஐ வகுக்க வருவதே பெருக்கத்தின் அளவு. 512 இட்டால் இரு மடங்கு. 768 இட்டால் நான்கு மடங்கு. அந்நிறுவனத்தின் மற்றோர் உணரியாகிய ஐ.எம்.எக்ஸ். 290-இலோ, எண் ஒன்று கூடுந்தோறும் பெருக்கம் 0.3 டெசிபெல் உயரும். 20 இட்டாலே ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அதே 20-ஐ 477-இல் இட்டால், நூற்றுக்கு இரண்டு பங்கேனும் முழுமையாகக் கூடாதென்று கணக்கிட்டுக் காண்க. ஒரே சொல்லுக்கு இருவர் இருவேறு பொருள் கொள்வராயின், அவர்க்கு ஓர் ஆசிரியர் போதார். இயக்கி எழுதுவோன் உறவைச் சில்லின் பெயரிற் காணலாகாது. அறைகளின் இலக்கத்திலும், எண்களின் பொருளிலும், நேரக் கணக்கிலும் காணல் வேண்டும்.

இச்சோதனையில் தேறிய உறவுக்கு ஐ.எம்.எக்ஸ். 378 தக்க சான்று. 2016-ஆம் ஆண்டின் கூகிள் பிக்ஸெல் கைபேசியில் இருந்த உணரி இது. ராஸ்பெரி பை நிறுவனத்தார் பேணும் லினக்ஸ் மூலத்தில் 477-க்கு எழுதப்பட்ட இயக்கி 378-ஐயும் நடத்துகின்றது. அஃது எங்ஙனமெனின், மூன்று ஏற்பாடுகளால்.

முதலாவது, பெயர் அட்டவணை. கணிப்பொறியின் வன்பொருள் விவரத்தில் எச்சில்லு இணைக்கப்பட்டுளது என்று எழுதப்பட்டிருக்கும். இயக்கியின் அட்டவணையில் இரு பெயர்களும் உள. ஒவ்வொரு பெயருக்கும் நேரே அச்சில்லின் தனிச்செய்திகள் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, அடையாளம் வினவுதல். விவரத்தில் எழுதியதை மட்டும் நம்பாமல், இயக்கி சில்லினுள் அடையாள எண் இருக்கும் அறையைப் படிக்கின்றது. பதினாறன் அடியிலமைந்த எண்முறையில் ஒன்று 0477 என்றும், மற்றொன்று 0378 என்றும் விடை தரும். விவரமும் விடையும் முரணினால் இயக்கி வேலையைத் தொடங்காது. மூன்றாவது, தனிக்கட்டளை. இருவர்க்கும் பொதுவான நூற்றுக்கு மேற்பட்ட அறைகளை நிரப்பியபின், 378-க்கு மாத்திரம் மூன்றே மூன்று அறைகளில் வேறு எண்களை இடுகின்றது. 477-க்கு அவ்விடத்துப் பட்டியல் வெறுமை. இவ்வளவே வேற்றுமை!

இவ்வமைப்பின் நன்மையை நோக்குக. நிரலின் நடுவே ‘இச்சில்லாயின் இது, அச்சில்லாயின் அது’ என்று ஆங்காங்கு வினாக்களை இறைத்திருந்தால், மூன்றாஞ் சில்லு வரும்போது அத்தனை இடங்களையும் தேடவேண்டும். ஒன்று விடுபடினும் கேடு. வேற்றுமைகளை ஓரிடத்துப் பட்டியலாக வைத்தமையால், அடுத்துவரும் உறவினனுக்கு ஒரு வரிசை சேர்த்தல் போதும்.

சில்லு தன் வேற்றுமையைத் தானே சொல்லாத இடங்களும் உண்டு. கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, வண்ண உணரிகளில் புள்ளிகளின் மேல் செம்மை, பசுமை, நீல வடிகட்டிகள் மாறி மாறிப் பதிக்கப்படுகின்றன. ஐ.எம்.எக்ஸ். 290 வண்ண வடிவிலும் உண்டு, வடிகட்டியற்ற கருப்பு வெள்ளை வடிவிலும் உண்டு. இவற்றை நடத்தும் இயக்கி, இன்ன வடிவமென்பதை வன்பொருள் விவரத்தில் உள்ள பெயர் கொண்டே அறிகின்றது. அவ்விவரத்தை எழுதுவோன் பொறுப்பு அங்கே பெரிது.

மேலும், கட்டளை ஏற்பதில் ஒத்த சில்லுகள் வண்ணம் காட்டுவதிலும் ஒக்கும் என்று முடிவு கட்டுதல் தவறு. காமிராப் படங்களைச் செம்மை செய்யும் லிப்காமிரா என்னும் மென்பொருள் தொகுதியில் 477-க்கும் 378-க்கும் வெவ்வேறு வண்ண அளவுக் கோப்புகள் உள. இயக்கி ஒன்றாயினும் வண்ணக் கணக்கு வேறே.

இறுதியாக ஒன்று கூறி முடிக்கின்றேன். இயக்கியை விரிப்பவன் கையில் பெரும்பாலும் புதிய சில்லு மட்டுமே இருக்கும். பழைய சில்லோ முகமறியாத பலர் கையில் உழைத்துக்கொண்டிருக்கும். புதியதற்குப் படம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பழையதைச் சோதியாது விடுதல் எளிது. அதன் பயன், எங்கோ ஒருவர் தம் கணிப்பொறியைப் புதுப்பித்த மறுநாள் காலையில் தம் காமிரா கண்மூடிக் கிடப்பதைக் காண்பதாகும். நேற்றுவரை நடந்தது இன்று நிற்கலாகாது என்பது லினக்ஸ் வினைஞர் உறுதியாகக் கொண்ட விதி. ஆதலின், முதலில் நடத்தையை மாற்றாமல் பழைய நிரலை ஒழுங்குபடுத்தி, அது முன்போலவே இயங்குகின்றதென்று கண்டபின்பே புதிய சில்லைச் சேர்த்தல் முறை. பழைய சில்லு தன்னிடம் இல்லையேல், உடையாரைக் கேட்டுச் சோதிப்பித்தல் கடன்.

நம் மாணவருள் எவரேனும் இப்பணியில் இறங்குவாராயின், புதிய சில்லின் முதற்படம் திரையில் தோன்றும் வேளையில், பழைய சில்லின் படத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக.