லாபக் கணக்கில் ஏறாதவை

ஒரு நிறுவனத்தின் நிலையை அறிய லாப நட்டக் கணக்கு மட்டும் போதாது என்ற எண்ணத்தில் பிறந்தது சமநிலை மதிப்பெண் அட்டை. மேலாண்மைக் கணக்கியல் படித்தவர்கள் ‘பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு’ என்பார்கள். ஊழியர் பயிற்சியையும் இயந்திரப் பராமரிப்பையும் நிறுத்தினால் இந்த ஆண்டு லாபம் கூடும். பழுதும் வாடிக்கையாளர் இழப்பும் கணக்கில் ஏற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் நிலைமை கைமீறியிருக்கும்.

அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் என்ற மின்னணு நிறுவனத்தில் 1987இல் ஆர்ட் ஷ்னைடர்மன் இத்தகைய அட்டை ஒன்றைத் தயாரித்தார். பண விவரங்களோடு, சரக்கு சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்ததா, குறைபாடு எவ்வளவு என்பவையும் அதில் இருந்தன. ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் கப்லானும் ஆலோசகர் டேவிட் நார்ட்டனும் 1990இல் பன்னிரண்டு நிறுவனங்களோடு நடத்திய ஆய்வில் இந்த அனுபவமும் சேர்ந்தது. 1992இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் அவர்கள் எழுதிய கட்டுரை இந்த முறையை உலகறியச் செய்தது.

அட்டையில் நான்கு கோணங்கள் உண்டு: நிதி, வாடிக்கையாளர், உள் செயல்முறை, கற்றலும் வளர்ச்சியும். ஒவ்வொன்றிலும் ஒரு நோக்கம், அதற்கான அளவீடு, எட்ட வேண்டிய இலக்கு, அதற்கான முயற்சி ஆகியவை எழுதப்படும். நான்கையும் காரண காரியத் தொடராகக் கோப்பதுதான் இதன் உயிர்நாடி. ஊழியர் திறன் கூடினால் வேலை சீராகும். வாடிக்கையாளர் திரும்ப வருவார். பணம் பின்னால் வரும்.

மொபில் எண்ணெய் நிறுவனத்தின் அமெரிக்க விற்பனை, சுத்திகரிப்புப் பிரிவு இதற்கு நல்ல சான்று. 1990களின் தொடக்கத்தில் லாபத்தில் அது போட்டியாளர்களுக்குப் பின்தங்கிக் கிடந்தது. பெட்ரோல் போடுபவர்கள் விலையை மட்டுமே பார்ப்பார்கள் என்பது தொழிலில் ஊறிய நம்பிக்கை. ஆய்வு செய்தபோது அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய 20 சதவீதம்தான் என்று தெரிந்தது. வேகமான சேவை, சுத்தமான கழிப்பறை, முகம் கொடுத்துப் பேசும் ஊழியர் கிடைத்தால் சில சென்ட் கூடுதலாகத் தரப் பாதிக்கு மேற்பட்டவர்கள் தயாராக இருந்தார்கள்.

ஆனால் பங்க்குகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் தனி முகவர்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகாமல் கழிப்பறை சுத்தமாகாது. எனவே முகவரையும் வாடிக்கையாளராகவே கருதி, அவருடைய லாபத்தையும் அட்டையில் சேர்த்தார்கள். ஒருவர் வாகன ஓட்டிபோல அடையாளம் காட்டாமல் வந்து பங்க்கைப் பார்த்து மதிப்பெண் போடும் ஏற்பாடும் நடந்தது. இன்னொரு பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளின் திறனும் பாதுகாப்பும் அளக்கப்பட்டன. 1995இல் அந்தப் பிரிவு லாபத்தில் முதலிடத்துக்கு வந்தது. இந்தப் பெருமை முழுவதையும் அட்டைக்கே கொடுப்பது சரியல்ல. அதே ஆண்டுகளில் செலவுக் குறைப்பும் நிர்வாக மறுசீரமைப்பும் நடந்தன. எதை நோக்கி உழைக்கிறோம் என்பதை எல்லோருக்கும் தெளிவாக்கியது அட்டையின் பங்கு.

பல இடங்களில் இது தோற்பதற்கும் காரணம் தெளிவு. கையில் கிடைத்த எண்களையெல்லாம் நான்கு கட்டங்களில் அடைத்து நாற்பது, ஐம்பது அளவீடுகள் ஆக்கிவிடுகிறார்கள். எது எதற்குக் காரணம் என்று யாரும் கேட்பதில்லை. எண்ணோடு போனஸை அவசரப்பட்டு இணைத்தால், ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு எண்ணைத் துரத்துவார்கள். பயிற்சி நாட்கள் கூடியும் குறைபாடு குறையவில்லை என்றால், பயிற்சியின் தரத்தையோ அந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்ற அனுமானத்தையோ சோதிக்க வேண்டும். காலாண்டுக் கூட்டங்களில் முதலில் பேசப்பட வேண்டியது இதுதான்.