காணாமல் போன கோப்புகள்: கணினி வைரஸுக்குப் பின் மீட்பது எப்படி?

காணவில்லை என்பது வேறு, அழிந்துவிட்டது என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் அடியேன் ஒரு நூலையே இழக்கப் பார்த்தேன்.

வந்தவாசிப் பக்கத்தில் என் மாமா வீட்டில் ஸ்ரீபுராண ஏடு ஒன்று இருந்தது. 2001 முதல் ஆறு ஆண்டுகள், கடை அடைத்த பிறகு இரவுகளில் உட்கார்ந்து, அதைக் கணினியில் தட்டெழுதினேன். பிறகு ஏடு செல்லரித்துப் பொடியாகிவிட்டது. மிஞ்சியது என் பென் டிரைவில் இருந்த பிரதி ஒன்றுதான். 2013இல் அச்செடுப்பதற்காக இங்கே பெங்களூரில் ஒரு கடைக்கு அதைக் கொண்டுபோனேன். வீட்டுக்கு வந்து செருகினால், கோப்புறைகளின் மூலையில் எல்லாம் சிறிய வளைந்த அம்புக்குறி! மகன் ஆன்டிவைரஸை ஓட்டினான். அம்புக்குறி போட்டவை எல்லாம் மறைந்தன. கூடவே பென் டிரைவே காலியாகிவிட்டது. "அப்பா, வைரஸ் எல்லாத்தையும் தின்னுடுச்சு. ஃபார்மட் பண்ணிடவா?" என்றான்.

"கொஞ்சம் இருடா" என்று சொல்லி, பென் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். ஏறக்குறைய 3 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டியது. வியாபாரிக்கு இது போதாதா? காலிச் சாக்கு தராசில் கனக்காது. கனக்கிறது என்றால் உள்ளே சரக்கு இருக்கிறது.

நடந்தது இதுதான். விண்டோஸில் ஒவ்வொரு கோப்புக்கும் சில அடையாளக் குறிகள் உண்டு. 'எச்' என்ற குறி போட்டால் கோப்பு மறையும். 'எஸ்' என்ற குறி, "இது கணினியின் சொந்த உடைமை" என்று அறிவிக்கும். வைரஸ் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் ஒன்றை வாசலில் நிறுத்திவிடுகிறது. அதைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும். அடுத்த நொடியே உண்மையான கோப்புறையும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆன்டிவைரஸ் அந்தப் போலி ஷார்ட்கட்டை நீக்குகிறது. பல சமயம் குறிகளை எடுப்பதில்லை. நாம் ஆன்டிவைரஸைத் திட்டிவிட்டு, ஃபார்மட் செய்து, நம் கையாலேயே அழித்துவிடுகிறோம்.

முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் எடுக்க எடுக்கத் திரும்ப மறைக்கும். பிறகு ஸ்டார்ட்டில் சி எம் டி என்ற மூன்று எழுத்துக்களைத் தட்டினால் கறுப்புத் திரை வரும். பென் டிரைவின் எழுத்து ஜி என்று வைத்துக்கொள்வோம். ஏ டி டி ஆர் ஐ பி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், இடைவெளி, கழித்தல் குறியும் எச்சும், இடைவெளி, கழித்தல் குறியும் ஆரும், இடைவெளி, கழித்தல் குறியும் எஸ்ஸும், இடைவெளி. அடுத்து ஜி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். மீண்டும் இடைவெளி விட்டு முன்சாய்கோடும் எஸ்ஸும், இடைவெளி விட்டு முன்சாய்கோடும் டியும். என்டர் அழுத்திவிட்டுப் பொறுமையாக இருங்கள். எனக்கு எல்லாம் வந்தது. சில வகை வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் தள்ளியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள்.

உண்மையிலேயே அழிக்கப்பட்டிருந்தால் கதை வேறு. சாதாரணமாக அழிக்கும்போது பட்டியலிலிருந்து பெயர்தான் நீங்கும். எழுத்து அங்கேயே இருக்கும், மேலே வேறொன்று எழுதப்படும் வரை. ஆகவே அந்த டிஸ்கில் எதையும் சேமிக்காதீர்கள். மீட்கும் நிரலைக்கூட அதில் நிறுவாதீர்கள். ரெகுவா, போட்டோரெக் போன்றவை இலவசம். மீட்டதை வேறு டிஸ்கில் வையுங்கள். போட்டோரெக் பழைய பெயர்களைத் தராது. எண்களாக வரும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிரிக்க வேண்டும். புதிய எஸ்எஸ்டி வகை டிஸ்கில், அழித்த இடத்தை அதுவே காலிசெய்துவிடுவதால், பெரும்பாலும் கிடைக்காது.

மூன்றாவது வகை, கோப்பைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. 2017 மே 12 அன்று பரவிய வானாகிரை இந்த ஜாதி. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். பணம் கட்டினாலும் சாவி வரும் என்று நிச்சயம் இல்லை. யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் வேறு சிலரும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சிலவற்றுக்கு இலவசச் சாவி உண்டு. பூட்டிய கோப்பைத் தூக்கி எறியாதீர்கள், சாவி பின்னால் வரலாம்.

இங்கே தமிழ் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மீண்டு வந்த என் கோப்பைத் திறந்ததும் ஐரோப்பிய எழுத்தும் கொம்பும் புள்ளியுமாகத் தெரிந்தது. வயிறு கலங்கிவிட்டது! பூட்டிவிட்டானோ என்று நினைத்தேன். இல்லை, யூனிகோடு நமக்குப் பழகுமுன் நான் பயன்படுத்திய பழைய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவே. வரியும் பத்தியும் ஒழுங்காக இருந்தால் அது எழுத்துருக் கோளாறு. பூட்டப்பட்ட கோப்பு பெரும்பாலும் திறக்கவே திறக்காது. பெயரின் வாலும் மாறியிருக்கும், பக்கத்தில் மிரட்டல் கடிதமும் இருக்கும்.

பிரதி ஒன்றே ஒன்று வைத்திருந்தது என் தவறு. இந்தக் கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதி எழுதுவித்து வழங்கினார். எனக்கு மூன்று போதும்: ஒன்று கணினியில், ஒன்று தனி டிஸ்கில், ஒன்று வேறு ஊரில். தனி டிஸ்க் எப்போதும் கணினியில் செருகியே இருக்கக்கூடாது. பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும்.

எங்கள் சமணர்களிடையே சுருத பஞ்சமி அன்று ஏடுகளை வெளியே எடுத்துத் துடைத்துப் பூசிப்பது வழக்கம். அன்றே நான் டிஸ்கையும் எடுத்துச் செருகி, கோப்புகளைத் திறந்து பார்க்கிறேன். போன தடவை ஒன்று திறக்கவில்லை. வந்தவாசியில் மாமா மகனிடம் இருக்கும் பிரதியை வரவழைத்துப் புதிய டிஸ்கில் ஏற்றினேன்; இப்போது யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.