தூங்கும் டிராக்டர் எழுந்திருக்குமா?



புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது, தெரியுமா? மீன்பிடித் துறைமுகம் உள்ள இடம். ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள். இன்னொரு பக்கம் வரிசையாக விசைப்படகுகள். படகுகளின் டீசல் இன்ஜின்கள் 'தட தட தட' என்று பேசிக்கொள்ளும்.

அங்கே ஒரு மாலை நேரம் நடந்துகொண்டிருந்தேன். காலி மனை ஒன்றில், புல்லும் கொடியும் மூடியபடி ஒரு பழைய டிராக்டர் நின்றிருந்தது. கடலோர உப்புக் காற்று பட்டால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் அல்லவா? அதன் நிறமே தெரியவில்லை. கூட வந்த எட்டாம் வகுப்பு மாணவன் கேட்டான்:

"சார், டீசல் ஊத்தி சாவி போட்டா இது ஓடுமா?"

"ஓடலாம். ஆனால், டீசல் ஊற்றுவதும் சாவி போடுவதும் கடைசி வேலை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? சிறு வயதில் நான் செய்த ஒரு தப்புதான் காரணம்.

என் மாமாவுக்கு வில்லியனூர் பக்கம் கொஞ்சம் நிலம். கிணற்றில் தண்ணீர் இறைக்க ஓர் ஆயில் இன்ஜின் இருந்தது. ரொம்ப நாள் ஓட்டாமல் கிடந்ததால் அது இறுகிப்போய்விட்டது. மாமா வெளியூர் போயிருந்த நேரம், நானும் என் அண்ணனும் அதைக் கிளப்பிக் காட்டுவோம் என்று இறங்கினோம். கைப்பிடி அசையவில்லை. அதில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி, இருவரும் சேர்ந்து ஒரே அழுத்து! உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். பிஸ்டன் வளையம் உடைந்து, சிலிண்டரின் சுவரைக் கீறிவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் மாமா வாடகை இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தார். எங்களை ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, டீசல் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். காற்றை அழுத்தினால் சூடாகும். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது, காற்று ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தப்படுகிறது. அப்போது வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அந்தக் காற்றில் டீசலைப் புகைபோலத் தூவினால் போதும், தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் இருப்பது போல் தீப்பொறி தரும் பிளக் தேவையில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ருடால்ப் டீசல். 1897ல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் வெற்றிகரமாக ஓடியது. 1900ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள்! நம் ஊரில் மல்லாட்டை என்கிறோமே, அதே கடலைதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தக் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாக மல்லாட்டை பிரான்சுக்குப் போனது.

இப்போது டிராக்டரிடம் வருவோம். விவரம் தெரிந்த மெக்கானிக் அண்ணன் என்ன செய்வார்?

முதலில் எதையும் தொடாமல் சுற்றிப் பார்ப்பார். புகைக்குழாயில் குளவிக்கூடு இருக்கலாம். காற்று வடிகட்டியில் எலி குடியிருக்கலாம். இருக்கைக்கு அடியில் பாம்பு கூட இருக்கலாம்!

அடுத்து, இன்ஜின் ஆயிலைப் பார்ப்பார். அது பால் கலந்த டீ போல இருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவார்.

பிறகு, டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்தத் துளை வழியே மெல்லிய எண்ணெய் விடுவார். இறுகிய பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அது ஊறி இறங்க வேண்டும். ஒரு நாளில் நடக்காது. பல நாள் ஆகலாம். அதற்குப் பின் ஸ்பேனரால் இன்ஜினை மெதுவாக முன்னும் பின்னும் அசைப்பார். இன்று ஒரு நூல், நாளை ஓர் அங்குலம். முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விடுவார். நன்றாகச் சுற்றத் தொடங்கியதும், விட்ட எண்ணெயை வெளியேற்றுவார்.

டேங்க்கில் கிடக்கும் பழைய டீசலும் ஆபத்துதான். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால், டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிரிகள் வளர்ந்து வழவழவென்று கசடாகிவிடும். டேங்க்கைக் கழுவி, வடிகட்டியை மாற்றிய பிறகே புது டீசல். குழாயில் காற்றுக் குமிழி இருந்தாலும் இன்ஜின் கிளம்பாது. கைப் பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

கிளப்புவதற்கு முன், நிறுத்தும் வழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிரேக்கையும் சோதிப்பார். அதன் பிறகுதான் சாவி! வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். இருமும், திணறும். திடீரென்று 'தட தட தட!'

நூறு வருடம் தூங்கிய இயந்திரம் ஒன்று எழுந்த கதையும் உண்டு. அது டீசல் இன்ஜின் அல்ல. நீராவி ரயில் இன்ஜின். 1855ல் இங்கிலாந்தில் செய்தது. பெயர் இ.ஐ.ஆர். 21. 1909ல் ஓய்வு பெற்று, வெறும் காட்சிப் பொருளாக நின்றது. பல பாகங்கள் காணாமலே போயிருந்தன. சென்னை பெரம்பூர் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் அவற்றைப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். 2010 ஆகஸ்ட் 15ல், சுதந்திர தினத்தன்று, அது மீண்டும் ஓடியது!

துருவைக் கண்டதும் 'இது பழைய இரும்புக் கடைக்குத்தான்' என்று முடிவு கட்டாதீர்கள். அதே நேரம், பலத்தைக் காட்டி அவசரப்படவும் வேண்டாம். அது ஏன் நின்றது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: டிராக்டர் வேலை பெரியவர்களுக்கு உரியது. நீங்கள் பட்டறையில் தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள், கேள்வி கேளுங்கள்.

உங்களுக்கென்று சின்ன வேலை ஒன்று தருகிறேன். வீட்டு மூலையில் இறுகிக் கிடக்கும் பழைய பூட்டு ஒன்று இருக்கும். அம்மா, அப்பாவிடம் கேட்டு, சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். நாளைக் காலை வரை பொறுத்திருங்கள். பிறகு மெதுவாகத் திருப்புங்கள்.

'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டால், நீங்களும் குட்டி மெக்கானிக்தான்!