கழுத்து தானே திரும்பும் நோய்

நேரே நோக்கி நடக்க விரும்பினாலும் தலை ஒருபுறமாகத் திரும்பிவிடுகிறது. கையால் பிடித்து நிமிர்த்தினால் சிறிது நேரம் நின்று மீண்டும் திரும்புகிறது. இத்தகைய துன்பமுடையோரைக் கண்டால் நாம் சுளுக்கு என்று சொல்லிவிடுகிறோம். எண்ணெய் தடவி நீவுகிறோம். கால் முதலாகப் பிறந்தவரைத் தேடிச் சென்று உதை வாங்குகிறோம்! உதையைப் பற்றி நாம் வழக்காட வரவில்லை. ஆனால் முடிதிருத்தும் கடைகளில் கழுத்தை வெடுக்கெனத் திருப்பும் வழக்கத்தைக் கண்டிக்காமல் இருப்பதற்கில்லை. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் கழுத்தின் வழியே ஏறுகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் நேரிடக்கூடும்.

சுளுக்கு சில நாட்களில் தணியும். இந்நோயோ தணிவதில்லை, ஏனெனில் பிழை கழுத்தில் இல்லை. தசைகளின் இறுக்கத்தையும் தளர்ச்சியையும் ஒழுங்கு செய்யும் மூளையின் ஆழ்பகுதிகள் தவறான ஆணை பிறப்பிக்கின்றன. நோயாளர் பலர் மோவாயில் ஒரு விரலை வைத்த அளவில் தலை நேராகிவிடும். இதனைக் கண்டே முற்காலத்து மருத்துவர் சிலர் இது மனத்தின் கோளாறு என்றோ நடிப்பு என்றோ கருதினர். எத்தனை பேர் வீணாகப் பழி சுமந்தனரோ!

இன்று முதன்மையாக அளிக்கப்படுவது பொட்டுலினம் என்னும் நஞ்சு. கெட்டுப்போன உணவில் கிருமியால் உண்டாகி உயிரைக் குடிக்கும் அதே நஞ்சுதான். மிகச் சிறிய அளவில், இறுகும் தசையைத் தேர்ந்து ஊசி வழியே செலுத்தினால், நரம்பின் ஆணை அத்தசையைச் சேராது தடுக்கிறது. அமெரிக்க அரசு இதனைக் கண் நோய்களுக்கு 1989-லும் கழுத்து நோய்க்கு 2000-த்திலும் ஏற்றது. பயன் ஓரிரு வாரத்தில் தெரியும். ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும். பின்னர் மீண்டும் ஊசி வேண்டும். செலவு சிறிதன்று. அவசரப்பட்டு முன்னதாகவே போட்டுக்கொண்டால் உடல் மருந்தை எதிர்க்கப் பழகிவிடலாம். சிலருக்கு விழுங்குவதில் இடர் தோன்றும். தோன்றினால் உடனே மருத்துவரிடம் கூறவேண்டும்.

டிரைஹெக்சிபெனிடில் போன்ற மாத்திரைகளும் உண்டு. வாய் உலர்தலும் மறதியும் அவற்றோடு வரும். முதியோருக்கு ஏற்றவை அல்ல. ஊசியும் மாத்திரையும் பயன்தராதோருக்கு மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பியைப் பதிக்கும் அறுவை இருக்கிறது. அதன் பயன் முழுமையாகத் தெரியப் பல மாதங்கள் ஆகும்.

இனி ஒன்று. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு உட்கொண்ட இளைஞர் ஒருவருக்குத் திடீரெனக் கழுத்து முறுக்கிக்கொண்டால், அது மருந்தின் விளைவாக இருக்கலாம். அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. உட்கொண்ட மாத்திரையின் உறையையும் கையோடு கொண்டு செல்க. தக்க மாற்று மருந்தை ஊசி வழியே செலுத்தினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் கழுத்து நேராகிவிடும்.