வீட்டுத் தோட்டத்தில் திராட்சைக் கவாத்து

பெங்களூரின் தென்கோடியில், கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களின் நிலத்தில் 1978-ல் எலெக்ட்ரானிக் சிட்டி நிறுவப்பட்டது. அப்பகுதியில் வீட்டு மதிலோரம் திராட்சை பயிரிடுவோர் சாதாரணமாகக் கூறும் குறை ஒன்றுண்டு: கொடி செழித்துப் படர்கிறது, காய்ப்பதில்லை.

இக்குறை பெரும்பாலும் மண்ணினால் விளைவதன்று, சீதோஷ்ணத்தினால் விளைவது. குளிர்நாடுகளில் கொடி இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் கண்கள் விழித்துப் பூங்கொத்துகளை ஈனுகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பினும் பெங்களூரில் அத்தகைய குளிர் இல்லை. ஆதலின் கொடி உறங்காமல் நுனியிலேயே நீண்டுகொண்டு போகிறது, கீழ்க்கண்கள் அடங்கிவிடுகின்றன. குளிர் செய்யும் வேலையை இங்கே கத்தரி செய்ய வேண்டும். இதுவே கவாத்து.

வீட்டுக்கு ஏற்றது பெங்களூர் நீலம். ஐரோப்பிய இனமும் அமெரிக்க லாப்ரஸ்கா இனமும் கலந்த இவ்வகை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. தோல் தடித்தது, விதையுள்ளது. மணமோ தனிச் சிறப்புடையது. விதையில்லா வகைகளுக்கு ஆண்டில் இரு கவாத்தும் ஒரு மகசூலுமே. நீலத்திற்கு இரு கவாத்தும் இரு மகசூலும் உண்டு.

வேர்விட்ட துண்டை நல்ல வெயிலில் நட்டு, ஒரே தண்டாகப் பந்தல் வரை ஏற்றி, நுனியைக் கிள்ளி, இரு கைகளாகப் பிரித்துவிடுக. முதிர்ந்து பழுப்பேறிய கிளையிலிருந்து புதிதாக எழும் தளிரிலேயே பூ வரும். ஆகவே அத்தகைய கிளையில் சுமார் நான்கு கண்களை விட்டு எஞ்சியதை வெட்டுதல் வேண்டும். பச்சைக் கிளையை வெட்டின் இலையே கிட்டும். வெட்டுவாயில் நீர் சொட்டுவது கண்டு பலர் அஞ்சிக் கைவிடுகின்றனர். அதனால் கொடிக்குக் கேடில்லை. அடர்ந்த தளிர்களைக் களைந்து வெயில் உட்புகச் செய்தாலன்றி அடுத்த போகத்திற்குரிய பூமொக்கு கண்ணுக்குள் உருவாகாது.

மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் இவ்வகையை எளிதில் தாக்கும். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பு, 10 லிட்டர் நீர் கொண்ட போர்டோக் கலவையை, நோய் தோன்றுமுன் தெளித்தல் நலம். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் தோய்த்த கத்தி செம்புநிறம் பெறின் சுண்ணாம்பு போதவில்லை என்றறிந்து சிறிது சேர்க்க வேண்டும்.

கவாத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதங்களில் பழம் முதிரும். நிறம் ஏறியவுடன் பறித்துவிடுவது பொதுவான பிழை. பறித்தபின் திராட்சை இனிப்பதில்லை. கொத்தின் நுனிப்பழமே கடைசியில் இனிப்பேறுவதாதலால், அதைச் சுவைத்துப் பார்த்துப் பறித்தல் வேண்டும்.