குழாய் பாடட்டும், குழந்தை தூங்கட்டும்!

எல்லோருக்கும் கேட்கட்டும் என்று திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று மந்திரத்தை உரக்கச் சொன்னாராம் ராமாநுஜர். அவர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அந்த ஊரில் இன்றைய கவலையோ நேர் எதிரானது. யாருக்குக் கேட்க வேண்டும் என்பதல்ல, யாருக்குக் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதுதான்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் கார், லாரி, செல்போன், டெலிவிஷன் என்று செய்து குவிக்கும் தொழிற்சாலைகள். அவற்றில் வேலை பார்க்கும் பெண்கள் ஆயிரமாயிரம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த மகளிர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அவர்களில் ஒருத்தி உங்கள் பெண்ணாகவே இருக்கலாம். இரவு ஷிப்டு முடிந்து, விடிந்த பிறகு வந்து படுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம். பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் வார்க்கப் போகிறார்கள். தென்னை மரத்தில் கட்டிய குழாய், "ஹலோ... மைக் டெஸ்டிங்!" என்று கனைக்கிறது. போயிற்று தூக்கம்!

சட்டம் இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. பகலில் வைப்பதற்கும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். ஆனால் சட்டத்தின் இரவு 10 மணிக்குத் தொடங்குகிறது. நம் பெண்ணின் இரவோ காலை எட்டு மணிக்கல்லவா தொடங்குகிறது?

அதற்காகக் குழாயைத் திட்டாதீர்கள். அது பரம சாது. தூரத்தில் போகிறவரைக் கூப்பிட வாயருகே இரு கைகளையும் குவிக்கிறோமே, அதுவே குழாயின் தத்துவம். நாதஸ்வரத்தின் நுனியில் மலர்ந்திருக்கும் அணசைப் பாருங்கள். அதுவும் குழாயின் உறவுதான். சாதாரணக் காகித ஸ்பீக்கர், தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்குகிறது. மற்றதெல்லாம் வீண் சூடு. விரிந்த குழாயை முன்னால் வைத்தால் காற்று நழுவி ஓடாமல் பிடிபடுகிறது. கொஞ்சம் மின்சாரத்தில் நிறைய ஒலி கிடைக்கிறது. அதுவும் காட்டிய திசையில் போகிறது! 1915 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஸான் பிரான்ஸிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்கு ஜென்ஸன், பிரிதம் என்ற இருவர் ஒலிபரப்பிக் காட்டியதும் குழாய் மூலம்தான்.

பிறகு ஏன் காதைக் கிழிக்கிறது? ஒரே ஒரு சின்ன யூனிட்டைப் பாட்டு, பேச்சு, தவில் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாரடிக்க விடுகிறோம். போதாததற்கு நாலு மூலையில் நாலு குழாய். ஒலி ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குச் சுமார் 34 மீட்டர்தான் போகும். ஆகவே ஒரே வார்த்தை முன்னும் பின்னுமாக வந்து குழம்புகிறது. புரியவில்லை என்று இன்னும் திருகி வைக்கிறார்கள். சத்தம் வேறு, தெளிவு வேறு என்பதை மறந்துவிடுகிறோம்!

இதற்கு ஓர் அழகான உபாயம் உண்டு. அமெரிக்காவில் டாம் டான்லி என்பவர் பல ஸ்பீக்கர்களை ஒரே குழாய்க்குள் குடிவைத்தார். கூட்டுக் குடும்பம் மாதிரி! உலகெங்கும் பொழுதுபோக்காக ஒலிபெருக்கி செய்கிறவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஸ்குரூ டிரைவரும் கையுமாக ஒரு பிள்ளை இருப்பானே? பெண்ணாகவும் இருக்கலாம். செல்போன் பூட்டுகிற விரல்களுக்கு இது பெரிய வித்தையா?

நாலு பிளைவுட் பலகைகளைச் சேர்த்துச் சதுரப் புனல் போல ஒட்டவேண்டும். குறுகிய முனையில் கீச்சுக் குரலுக்கு ஒரு யூனிட். நாலு சுவர்களிலும் சின்னத் துளைகள் போட்டு, வெளிப்புறம் நாலு சிறு ஸ்பீக்கர்கள்; பேச்சுக் குரல் இவற்றின் பங்கு. இன்னும் வாய்ப்பக்கம் தள்ளி இரண்டு பெரிய வூபர்கள். எந்த ஒலி யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க ஒரு கிராஸோவர். உதிரிகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

ரகசியம் துளைகளின் இடத்தில் இருக்கிறது. வினாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் 34 சென்டிமீட்டர். கீச்சு யூனிட்டும் சிறு ஸ்பீக்கர்களும் அங்கே பொறுப்பை மாற்றிக்கொள்வதானால், முனையிலிருந்து துளை வரை அதில் கால்பங்கு, அதாவது எட்டரை சென்டிமீட்டருக்கு உள்ளாக இருக்கவேண்டும். தள்ளிப் போட்டால், முனையில் மோதித் திரும்பும் ஒலி, எதிரே வரும் ஊஞ்சலைத் தள்ளுவது போலப் புது ஒலியை அமுக்கிவிடும். 300 அதிர்வில் வேலையை ஏற்கும் வூபர்களுக்கோ 28 சென்டிமீட்டர் வரை இடமுண்டு. இப்படி அமைத்தால் ஏழு ஸ்பீக்கர்களும் ஒரே வாயால் பேசும்!

சில எச்சரிக்கைகள். கீச்சு யூனிட்டுக்கு முன்னால் கண்டென்சர் வைக்காமல் இணைக்கக் கூடாது, கருகிப் போகும். முதலில் மெதுவாகவே பாடவிட்டுப் பாருங்கள். குழாய் வாய் 60 சென்டிமீட்டர் அகலமானால், சுமார் 600 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிதான் சொன்ன திசையில் அடங்கும். 'தொம் தொம்' என்ற அடிக்குரல் எல்லாப் பக்கமும் பரவிவிடும். ஆகவே அதைக் குறைத்து வைப்பதே நல்லது.

வீட்டிலும் இதற்கு வேலை உண்டு. மெல்லிய டெலிவிஷன்களில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ, பின்னால் பார்த்தோ இருக்கிறது. வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகள். 'ச', 'த' போன்ற எழுத்துகளைத் தெளிவாக்குவதும் அவைதான். பாட்டி டெலிவிஷனை அலறவிடுவது வீம்பினாலல்ல. பாட்டியின் நாற்காலியைப் பார்த்தபடி ஒரு குழாய் மெல்லப் பேசினால் போதும்.

கோயிலிலும் அப்படியே. நாலு திசைக்கு நாலு குழாய் வேண்டாம். ஒன்றை உயரத்தில் கட்டி, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் தாழ்த்துங்கள். சத்தத்தையும் கூட்டத்தின் அளவுக்குக் குறைத்து வையுங்கள். கூழுக்கு நிற்பவர்களுக்குப் பாட்டு நன்றாகக் கேட்கும். விடுதி ஜன்னலுக்குப் போகும் சத்தம் வெகுவாகக் குறையும்.

அடுத்த ஆடிக்குப் பந்தக்கால் நடும்போதே மைக் செட்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன். அந்த ஜன்னலுக்குள் இரவெல்லாம் உழைத்த ஒரு பெண் படுத்திருக்கிறாள். பெற்றவளுக்கு அவள் எந்த வயதிலும் குழந்தைதானே? தாலாட்டைத் தொட்டிலருகில்தான் பாடுவோம். தெருவுக்கெல்லாம் கேட்கப் பாடுவதில்லை!